மாமா ஒன்று, அக்கா ஒன்று, குழந்தை ஒன்று

விமான நிலையத்து வேன் ஸ்டாண்டில் அவருடைய பெயர் என்ன என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘மூணுதரம்’ எங்கே என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். பயணியின் பெட்டிகள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் ஒரு தரம், உள்ளே ஏறியதும் ஒரு தரம், துறைமுகத்தில் இறங்கியதும் ஒரு தரம் என்று மூன்று தரம் எண்ணாமல் அவருக்குத் தூக்கம் வராது. மனுஷன் வீட்டில் வாசல்படியைக்கூட எண்ணித்தான் ஏறுவார் என்று மற்ற டிரைவர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூட அவர் தவறவிட்டதில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை என்றாலும் நடையில் கொஞ்சம் தெரியும்.

விமானத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து துறைமுகம் போய், உல்லாசக் கப்பல் ஏறுகிறவர்கள்தான் அவருடைய வாடிக்கை. இடையில் ஒன்றேகால் மணி நேரப் பாதை. இந்தப் பயணிகள் ஒரு தனி ரகம். உடம்பு வேனில் இருக்கும், மனசு எப்போதோ கப்பல் ஏறிப் போயிருக்கும். கண்ணாடியை விமானத்தில் விட்டுவிட்டு வருவார்கள், கட்டின மனைவியைக் கழிப்பறை வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். அவர்களுக்குப் பதிலாக யாராவது ஒருவர் புத்தியோடு இருந்தாக வேண்டும், அது தானாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவருடைய எண்ணம்.

பெட்டிகளுக்கு அவர் உறவுமுறை வைத்திருந்தார். சக்கரம் வைத்த பெரிய பெட்டி ‘மாமா’. வைத்த இடத்தை விட்டு நகராது, நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். இந்தப் பெயர் தன் தம்பியைக் குத்திக்காட்டுவதற்காக வைத்தது என்று அவர் மனைவிக்கு இன்றுவரை சந்தேகம். சந்தேகமே வேண்டாம், அதற்காகத்தான் வைத்தார். நடுத்தரப் பெட்டி ‘அக்கா’. பொறுப்பாக நிமிர்ந்து நிற்கும், மற்றதெல்லாம் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். பாஸ்போர்ட், டிக்கெட், மாத்திரை வைக்கிற கைப்பை ‘குழந்தை’.

துறைமுக வாசலில் சுமைக்காரர்கள் பெட்டிகளை வாங்கி அட்டை கட்டி உள்ளே அனுப்பிவிடுவார்கள். அது சாயங்காலம்தான் அறைக்கு வந்து சேரும். ஒரு தரம் ஒரு புது மாப்பிள்ளை பாஸ்போர்ட்டை மாமாவுக்குள் வைத்து மாமாவைச் சுமைக்காரரிடம் கொடுத்துவிட்டான். ஆயிரம் பெட்டிக்கு நடுவே அதைத் தேடி எடுப்பதற்குள் அவன் மனைவி அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது ஆயுசுக்கும் போதும். அன்றிலிருந்து மூணுதரம் எல்லாப் பயணிகளுக்கும் ஒரே பாடம்தான் நடத்துவார்: “மாமாவை யார் கேட்டாலும் குடுங்க, அக்காவையும் குடுங்க. குழந்தையை மட்டும் யார் கேட்டாலும் குடுக்காதீங்க. கையிலயே வச்சுக்குங்க.”

அப்பேர்ப்பட்டவர் சொந்த மகளுடைய பெட்டிகளை ஒரு தரம்கூட எண்ணவில்லை. அந்தக் கதைதான் இது.

மூத்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். இளையவளுக்கு இருபத்து மூன்று வயது. விடுதி நிர்வாகம் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டு, கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்து பராமரிக்கும் வேலையை வாங்கிவிட்டாள். எட்டு மாத ஒப்பந்தம். செய்தி கேட்டு அவள் அம்மா அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு துணி அடுக்க உட்கார்ந்துவிட்டாள். அவர் அழவில்லை.

கப்பலின் பளபளப்பு பயணிகளுக்குத்தான். அவர் பார்த்தது வேறு. கப்பலில் வேலை செய்கிற பிள்ளைகள் ஒரு மணி நேரம் வெளியே விட்டால் போதும், துறைமுகச் சுவரோரம் ஓடி வந்து வரிசையாகக் குந்தி, போனுக்கு முகத்தைக் காட்டி வீட்டோடு பேசிக்கொண்டிருப்பார்கள். சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு, போனை வைத்ததும் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொள்வார்கள். பத்தொன்பது வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டித்தான் அவர் வண்டி திரும்புகிறது. அந்த வரிசையில் தன் மகளை வைத்துப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக, வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

“ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் நீங்களே கொண்டு போய்க் கப்பல் ஏத்தி விடறீங்க. என்னை மட்டும் ஏம்ப்பா தடுக்கறீங்க?” என்று அவள் கேட்டாள். பதில் இல்லாத அப்பாக்கள் செய்கிற காரியத்தையே அவரும் செய்தார். மூன்று வாரம் அவளோடு பேசவில்லை.

புறப்படும் நாள் வந்தது. புதிதாகச் சேருகிறவர்களை ஏஜென்சி அலுவலக வாசலிலிருந்து பஸ்ஸில் அழைத்துப் போவதாக ஏற்பாடு. விமான நிலையம் போகிற வழிதான். நீங்களே கொண்டு போய் விடுங்கள் என்று மனைவி சொன்னதால் கூட்டிப்போனார். அலுவலக வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது, யாரோ சீக்கிரம் சீக்கிரம் என்று கத்தினார்கள். அவள் தானாகவே கதவைத் திறந்து மாமாவை இறக்கினாள், அக்காவை இறக்கினாள். ஒரு நிமிஷம் அவர் பக்கத்துக் கதவைப் பார்த்தபடி நின்றாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. அவள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

பத்தேகாலுக்கு விமான நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு வயதான ஜோடி. ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், கூட அவர் மனைவி. இரண்டு மாமா, மூன்று அக்கா, இரண்டு குழந்தை. பின்கதவைத் திறந்து ஏற்றி எண்ணினார், மறுபடி எண்ணினார், சரியாக இருந்தது. டாக்டர் கறார் பேர்வழி. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று வண்டி கிளம்புவதற்குள் நான்கு தடவை கேட்டுவிட்டார். வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பும் செய்தார். அதனால்தான் பதினோரு மணிக்கு மகளிடமிருந்து போன் வந்தபோது மூணுதரம் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, குழந்தை வேன்லயே நின்னுபோச்சுப்பா” என்று மகளின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. “கடைசி சீட்டுக்கு அடியில பாருங்க, அங்கதான் தள்ளி வச்சேன். பன்னிரண்டு மணிக்கு இங்க கேட்டை மூடிடுவாங்க. அதுக்குள்ள குழந்தையைக் காட்டலன்னா என்னை ஏத்த மாட்டாங்களாம், லிஸ்ட்ல அடுத்து இருக்கறவங்களைக் கூப்பிட்டுடுவாங்களாம்.”

பார்க்கிறேன் என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

டாக்டரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு எழுபத்திரண்டு வயசில் குனிந்து சீட்டுக்கடியில் தேட ஆரம்பித்தார். வண்டியை முதலில் ஓரம் கட்டுங்கள், எத்தனை மாசக் குழந்தை, மூச்சு விடுகிறதா என்று கேள்விமேல் கேள்வி. மூணுதரம் ஓரம் கட்டி, மாமா அக்கா குழந்தை விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிக்கு எதற்கு ஐயா உறவுமுறை என்று எரிந்து விழுந்தார்.

கடைசி சீட்டுக்கடியில் பை இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு சாலையோரம் நின்றார். மனக்கணக்கு தானாக ஓடியது. துறைமுகத்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம். பயணிகள் வாசல் முன்பக்கம், வேலைக்காரர்கள் வாசல் கிடங்குகளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம். முதலில் இவர்களை இறக்கி, வரிசையில் நின்று, ஏழு உருப்படியையும் எண்ணிவிட்டுப் போனால் பன்னிரண்டு தாண்டிவிடும்.

தாண்டினால் என்ன? சவாரியை நடுவில் விட முடியுமா, நீயே சொல்லும்மா என்று கேட்டால் யாராலும் ஒரு சொல் சொல்ல முடியாது. மகள் நான்கு நாள் அழுவாள், பிறகு வீட்டிலேயே இருப்பாள். நினைக்கும்போதே உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவர் கெட்டவர் இல்லை. அந்த நிமிஷத்தில் அந்தச் சந்தோஷம் அவருக்கு வந்தது உண்மை.

கருப்புப் பெட்டிகள் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அவர் பயணிகளின் பெட்டிகளில் மஞ்சள் துணி கட்டுவது வழக்கம். வீட்டில் கிழிந்த திரைச்சீலைதான் அது. மகளும் பையின் கைப்பிடியில் அதே மஞ்சள் துணியை, அவர் போடுகிற அதே இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தாள். முடிச்சில் ஓர் அட்டை தொங்கியது. திருப்பிப் பார்த்தார்.

மாமா 1, அக்கா 1, குழந்தை 1. வீட்டு வாசலில் – சரி. வேனில் – சரி. இறங்கும்போது – அந்த இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் ‘அப்பா எண்ணுவாங்க’ என்று எழுதியிருந்தாள்.

காலையில் அந்தக் கதவுப் பக்கம் அவள் எதற்காக நின்றாள் என்பது அவருக்கு இப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது. ஊரில் யார் யாருடைய பெட்டியையோ மூன்று தரம் எண்ணுகிறவன் பெற்ற பெண்ணுக்காக வண்டியை விட்டு இறங்கவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

பத்தொன்பது வருஷத்தில் அவர் பயணியிடம் ஒரு உதவி கேட்டதில்லை. வண்டிக்குள் தலையை நீட்டி, முதலில் பின்வாசலுக்குப் போய்விட்டு அப்புறம் உங்களை விடலாமா என்று கேட்டார். டாக்டர் அச்சிட்ட தாளை எடுத்து நீட்டினார். அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரை, அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது என்றார்.

“மூணு மணிக்குத்தான் கதவை மூடுவாங்கன்னும் அதுலயே போட்டிருக்கு. அதையும் படிங்க” என்றாள் டாக்டரம்மா.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். படித்துவிட்டு, “அப்புறம் ஏன்யா நின்னுக்கிட்டிருக்கே, வண்டியை எடு” என்று மூணுதரத்தையே திட்டினார்.

பின்வாசலுக்குப் போகிற பாதையில் லாரிகள் வால் நீட்டி நின்றன. டாக்டர் கையிலிருந்த தாளை மறந்துவிட்டு, இடதுபக்கம் இடம் இருக்கிறது, உள்ளே விடு என்று வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார். பன்னிரண்டு அடிக்க ஒன்பது நிமிஷம் இருக்கும்போது வேன் போய் நின்றது.

கம்பிக் கதவுக்கு உள்ளே மகள் நின்றிருந்தாள், இரண்டு பக்கமும் மாமாவும் அக்காவும். ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெளியாளுக்கு அனுமதி இல்லை, பையை என்னிடம் கொடுங்கள் என்று காவலாளி சிறு கதவு வழியாகக் கையை நீட்டினார். மூணுதரத்துக்குக் கை நீளவில்லை. யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர் ஆயிற்றே. காவலாளி மறுபடியும் கேட்டார். கொடுத்தார். பை ஒரு கை மாறி அவள் கைக்குப் போயிற்று.

“எண்ணலாம்ப்பா” என்றாள் அவள். பையிலிருந்து அட்டையை அவிழ்த்துக் கம்பி வழியாக நீட்டினாள்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்து வாய் திறந்தார். “மாமா ஒண்ணு” என்றார். “அக்கா ஒண்ணு.” அவள் அழாமல் இருக்கப் பாடுபடுவது தெரிந்தது. “குழந்தை ரெண்டு.”

காவலாளியிடம் பேனா வாங்கிக் காலி இடத்தில் சரி என்று எழுதினார். அட்டையை மகளிடம் திருப்பிக் கொடுத்தபோது கம்பிக்கு நடுவே அவள் விரல்களை ஒரு தரம் அழுத்திப் பிடித்தார். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் மாமாவை ஒரு கையிலும் அக்காவை மறு கையிலும் இழுத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

காவலாளிக்கு மட்டும் ஏதோ இடித்தது. வேலையில் அவரும் கணக்கான ஆள்தான் போலிருக்கிறது.

“குழந்தை ரெண்டுன்னு சொன்னீங்களே, என் கைக்கு ஒண்ணுதானே வந்துது?”

“இன்னொண்ணு அதோ நடந்து போகுது பாருங்க” என்றார் மூணுதரம்.