ஏலக்காய்க் கட்டுரையில் விட்டுப்போன பெயர்

போடியில் நான் ஆசிரியை. குழந்தைகளுக்கு உண்மைத் தகவல் கட்டுரைகள் எழுதப் பழகி வருகிறேன். ஏலக்காய் பற்றி எழுதியதை வகுப்பில் வாசித்தேன். பெண்கள் விடியலில் ஜீப்பில் மலையேறி, காய் எடுத்து, பொழுது சாயச் சிரித்தபடி திரும்புவதாக எழுதியிருந்தேன்.

கவிதா எழுந்தாள். "எங்கம்மா திரும்பி வரலையே டீச்சர். ஜீப்பு கவுந்துருச்சுல்ல. அதை எழுதலையா?"

எனக்கும் தெரிந்த விபத்துதான். பிள்ளைகள் மனம் வாடுமே என்று விட்டிருந்தேன்.

"எழுதினா நீ அழுவியேத்தா."

"அழுவேன். ஆனா எங்கம்மா பேரு இருக்கும்ல."

அவள் அப்பாவிடம் கேட்டுவிட்டு, அந்த விபத்தையும் செல்வி என்ற அவள் அம்மாவின் பெயரையும் சேர்த்தேன். இப்போதெல்லாம் யாரைப் பற்றி எழுதினாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கே முதலில் வாசித்துக் காட்டுகிறேன். பிள்ளை அழுதால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், எழுதியதை அழிப்பதில்லை.