கப்பல் பார்க்கப் போன மொட்டைகள்

எங்கள் நைனாவுக்கு ஒரு வேலையை ஒரு வேலையாகச் செய்து பழக்கமில்லை. புத்தூருக்கு விதை வாங்கப் போனால், வழியில் ஒரு கல்யாணத்துக்கும் தலைகாட்டிவிட்டுத்தான் வருவார். அப்படித்தான் திருப்பதி மொட்டையையும் மதராஸ் கப்பலையும் ஒரே பயணமாக முடிச்சுப் போட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. தங்கைக்கு ஆறு.

மொட்டை எல்லைக்காக. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த தகராறு அப்போதுதான் ஒருவழியாகத் தீர்ந்திருந்தது. கார்வேட்டிநகரம் பக்கத்து எங்கள் ஊர் மதராஸோடு சேரவேண்டும் என்று நைனா ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். ஆந்திராவிலேயே இருக்கவேண்டும் என்று எதிர்வீட்டுக்காரரும் அதே ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். ஊர் ஆந்திராவில் நின்றது. எதிர்வீட்டுக்காரர் மறுவாரமே மொட்டைத் தலையோடு தெருவில் உலாத்தினார். நைனா பேசாமல் இருந்திருக்கலாம். “எப்படியோ தீந்துச்சு இல்ல? அதுக்கே குடுக்கலாம்” என்று தன் தலையோடு எங்கள் இரண்டு பேர் தலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அம்மா மட்டும் நுனிமுடியைக் கொஞ்சம் கத்தரித்துக் கொடுக்கும் பூமுடியோடு தப்பித்தாள்.

மதராஸில் ராயபுரத்தில் நைனாவின் அக்கா இருந்தாள். மாமாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. பெரிய கப்பல் ஒன்று வருகிறது, அந்த வாரம் வந்தால் உள்ளே அழைத்துப்போய்க் காட்டலாம் என்று எழுதியிருந்தார். அத்தைக்குக் குழந்தை இல்லை. அம்மாவின் இரண்டு பிரசவத்துக்கும் ரயிலேறி வந்து, நாற்பது நாள் இருந்து வெந்நீர் வைத்து ஊற்றிவிட்டுப் போனவள் அவள். நாங்கள்தான் அவள் வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

திருப்பதியிலிருந்து மதராஸ் போகும் ரயில் எங்கள் புத்தூர் வழியாகத்தான் போகும். புத்தூரில் வண்டி நின்றபோதுதான் அம்மாவுக்குப் பொறி தட்டியது.

“இன்னாங்க, மலை எறங்கினா நேரா நம்ம வூட்டுக்குத்தான போவணும்? நடுவுல யார் வூட்டு வாசப்படியும் மிதிக்கக் கூடாதே!”

நைனாவின் முகத்தில் ஈயாடவில்லை. இது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த முறை. பிரசாதத்தை நம் வீட்டுச் சாமியிடம் வைத்து, தேங்காய் உடைத்து, அதற்கப்புறம்தான் மற்ற வீடெல்லாம். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் கப்பல், கப்பல் என்று ஒரே கூச்சல். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

“அக்கா வூட்டுக்குள்ள போவ வேணாம். தெருவுலயே நின்னு பேசிட்டு, கப்பலப் பாத்துட்டு, அப்படியே திரும்பிக்கலாம்” என்றார் நைனா. இதைவிட மோசமான யோசனையை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை.

ராயபுரத்துச் சந்துக்குள் நுழையும்போதே வடை வாசனை வந்தது. அத்தை புதுப்புடவை கட்டிக்கொண்டு, ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். தெருவிலேயே நாலு பேரிடம் சொல்லிவைத்திருப்பாள்போல, அக்கம்பக்கத்துப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். நைனா பத்தடி தள்ளி நின்றுகொண்டார்.

“அக்கா, தப்பா நெனைக்காத. மலைக்குப் போய்ட்டு வந்துக்கினு இருக்கோம். நேரா வூட்டுக்குப் போற வரைக்கும் அடுத்த வூட்டுல கால் வைக்கக் கூடாது.”

அத்தை ஆரத்தித் தட்டைத் தாழ்த்தினாள்.

“என் வூடு அடுத்த வூடாடா? கெவுருமெண்டு கோடு கிழிச்சது பத்தாதுன்னு நீயும் வந்து என் வாசல்ல கிழிக்கிறியா?”

அவ்வளவுதான். ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். நைனா மொட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். எனக்கு அத்தை அழுகிறாளோ என்ற கவலையைவிட, இனி கப்பல் கிடையாதோ என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மாமா நல்ல மனுஷர். “அவ கெடக்கறா, சரியாப் பூடுவா. கப்பல் நமக்காகக் காத்துக்கினு இருக்காது, வாங்க” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். துறைமுகத்து வாசலில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் எங்களை நிறுத்தினார். காக்கியைப் பார்த்தால் நைனாவுக்குத் தானாகத் தெலுங்கு வந்துவிடும். எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் வாங்கிய பழக்கம். அவர் “நமஸ்காரமண்டி” என்று கைகூப்ப, காக்கிச் சட்டைக்காரர் சந்தனம் காய்ந்த மூன்று மொட்டைகளையும் பார்த்துத் தானும் கைகூப்பிவிட்டார். மாமா காட்டிய அனுமதிச் சீட்டை அவர் பிரிக்கக்கூட இல்லை.

கப்பல் படகுபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன். கிட்டப் போனால் கறுப்புச் சுவர்! அண்ணாந்து பார்த்ததில் மொட்டையில் வெயில் சுள்ளென்று விழுந்தது. கரையில் கட்டியிருந்த கயிறு என் தொடை கனம். மேலே கொடியில் யாரோ பனியன் காயப்போட்டிருந்தார்கள். தங்கை, “கப்பலுக்குள்ளயும் வூடு இருக்குதா?” என்று கேட்டாள். “இருக்குதும்மா, மாசக்கணக்குல அங்கியே துன்னு, அங்கியே தூங்குவாங்க. எந்த ஊர்ல நின்னாலும் அவங்களுக்கு அதான் வூடு” என்றார் மாமா. நான் சந்தோஷத்தில் கரைக்கும் கிரேனுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். நைனாவும் என்னைவிடக் குறைவாக ஓடவில்லை.

அம்மா மட்டும் கப்பலைப் பார்க்கவில்லை. ராயபுரம் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போலாம்” என்றாள் திடீரென்று. “எங்க? ரயிலுக்கு இன்னும் நேரம் கெடக்குதே. ஐகோர்ட்டு, செத்த காலேஜு மியூசியம், ஒண்ணும் பாக்கலியே” என்றார் நைனா. அம்மா அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

அத்தை வீட்டு வாசலில் நைனா பழையபடி பத்தடி தள்ளி நின்றார். அம்மா நிற்கவில்லை. வலது காலை எடுத்துவைத்து நேராக உள்ளே போனாள். சுவரோரம் சாமிப் படம் இருந்த பலகையில், பையிலிருந்த லட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

“அண்ணி, தேங்கா இருக்குதா? மலையிலேர்ந்து வூட்டுக்கு வந்துட்டோம். ஒடைக்கணும்.”

சமையலறை நிலையில் நின்றிருந்த அத்தைக்கு வாய் கோணியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தேங்காயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வெளியே நின்ற நைனாவைப் பார்த்து, “இன்னாடா மொட்ட, உனக்குத் தனியா ஆரத்தி எடுக்கணுமா? இலை போடறேன், கை கழுவிக்கினு வா” என்று அதட்டினாள். நைனா வந்தார். எனக்கு ஆறு வடை. கப்பலைவிட அந்தச் சாப்பாடுதான் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவுக்கு அத்தையே பிசைந்து போட்டாள், பிரசவத்துக்குப் போட்டதுபோல.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரரின் சம்சாரம் கிண்ணத்தோடு வந்து நின்றாள். மலைக்குப் போய்வந்தால் லட்டு பங்கு போடுவது எங்கள் தெரு வழக்கம். அம்மா வாசல் பெருக்கிக்கொண்டே, “எல்லாத்தையும் வூட்டு சாமிகிட்ட வச்சிட்டேன்க்கா” என்றாள்.

அந்தம்மா எங்கள் வீட்டுக்குள் எட்டி, சாமிப் பலகையைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

“எந்த வூட்டுல?”

“மதராஸ் வூட்டுல” என்றாள் அம்மா.