உப்புப் பாத்தியில் நல்ல தண்ணீர்

பேய், காட்சி, தரிசனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். கோவிலுக்கே மனைவி ஸ்டெல்லாவுக்காகத்தான் போவேன். இதை நீங்களும் நம்பப்போவதில்லை, பரவாயில்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே ஸ்டெல்லாவுக்கு மாதம் முந்தி வலி கண்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் கொட்டகையிலேயே பெண் பிள்ளை பிறந்து மூச்சுக்குத் திணறியது. சாகப்போகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று தெரியும். ஆனால் தலையில் ஊற்றத் தண்ணீர் வேண்டும், குடிதண்ணீர் கேன் காலி. அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்தின்போது சாமியார் பிள்ளையின் நாக்கில் உப்பு வைப்பார் என்று அப்பா சொன்னது ஞாபகம் வர, ஒரு கல் உப்பை வைத்து மேரி என்று பேர் சொன்னேன். உதட்டைச் சப்பியது. அவ்வளவுதான், போய்விட்டது.

கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "உப்பு செல்லாதுப்பா, தண்ணி ஊத்தணும். பாத்தியில அவ்ளோ தண்ணி இருந்துச்சே, அத ஊத்தியிருந்தாலே போதுமே?"

உப்பளத்துக்காரனுக்கு அது தண்ணீர் என்றே தோன்றவில்லையே, என்ன செய்ய! உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே தப்பு என்னுடையது, தாகம் பிள்ளைக்கு. "புள்ள தவிச்சிக்கினே இருக்குமேங்க" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுவாள் ஸ்டெல்லா. நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அப்புறம் கன்னியர் மடத்தில் அவளுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். பல நூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில், கோவில் சுவரை ஒட்டிய அறைக்குள் போய் வாசலை அடைத்துவிடச் சொல்லி, சாகும்வரை அங்கேயே ஜெபித்த ஒரு பெண்ணின் கதை. ஆண்டவர் அவளுக்குக் காட்சி கொடுப்பாராம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் அவள் ஜன்னலில் வந்து அழுவார்களாம். "அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்பாள் ஸ்டெல்லா, பக்கத்துத் தெருக்காரியைப் பற்றிச் சொல்வது மாதிரி. "உன் ஃப்ரெண்டு போன் பண்ணாங்களா?" என்று கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால், சித்திரையில், நல்ல உச்சி வெயில். பாத்தியை மிதித்துச் சமன் செய்து காயவிட்டிருந்தோம். அதில் யாரும் கால் வைக்க மாட்டோம்.

"ஏங்க, அந்தம்மா நிக்கிறாங்க. இடுப்புல நம்ம புள்ள. எறக்கி வுடுறாங்க பாருங்க."

எனக்கு வெறும் வெயில்தான் தெரிந்தது. "வெயிலு கண்ண கட்டுது, வா" என்று கையைப் பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழு வருடத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

பாத்தியின் நடுவே ஒரே ஒரு கால்தடம். ஏழு வயதுப் பிள்ளையின் கால். வந்ததற்கும் தடமில்லை, போனதற்கும் தடமில்லை. அதில் தண்ணீர் ஊறி நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை, நல்ல தண்ணீர்.

அன்றோடு ஸ்டெல்லா அழுவதை விட்டுவிட்டாள். இப்போது சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுவது நான்தான். ஒவ்வொரு மழைக்கும் பாத்தி அழிகிறது, மறுபடியும் மிதித்து உப்புத் தண்ணீர் விடுகிறோம், அந்தக் கால்தடம் இருந்த இடத்தில் மட்டும், அதே வடிவில், ஒரு கல் உப்பும் விளைவதில்லை. இந்த வருடம் என் கையால் சாண் வைத்து அளந்தேன். தடம் வளர்ந்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் கால் அளவு இருக்கும்.