கொழுந்து வாசம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என் தம்பிக்காகக் காத்திருந்த நாட்களில், ஏலப்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்த ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒல்லியானவர். விரல் நுனிகளில் தேயிலைக் கறை. அவர் கணவருக்கு நுரையீரலில் பூஞ்சை. வாயில் குழாய் வைத்திருந்தார்கள், கண் திறக்கவில்லை.

எஸ்டேட் லயத்திலிருக்கும் தன் வீட்டுக்குப் போய்த் திரும்பிய அன்று, அந்த அம்மா ஈரத்துணியில் தேயிலைக் கொழுந்து முடிந்து கொண்டுவந்தார்.

"இலையொண்ணும் உள்ள வேண்டா சேச்சி. அதுலயும் பூஞ்சை இருக்கும்," என்று நர்ஸ் தடுத்துவிட்டார்.

"பேக்டரியில மோந்து பாத்தே இலைப் பதம் சொல்ற மனுசன் அண்ணே. இந்த வாசத்துக்கு முழிச்சிருவாரு," என்றார் அந்த அம்மா என்னிடம். பிறகு முடிச்சை என் கையில் கொடுத்து, சோப்புப் போட்டுக் கை கழுவி உள்ளே போனார்.

வெளியே வந்ததும் சொன்னார்: "கொழுந்து கொண்டாந்திருக்கேன், வாசல்ல இருக்குன்னு காதுல சொன்னேன். மூக்கு லேசா அசைஞ்சுச்சுண்ணே."

"அசைஞ்சிருக்குமுங்க," என்றேன்.

மறுநாள் தம்பியை வார்டுக்கு மாற்றினார்கள். என் தம்பி மட்டும் தேறிவிட்ட கூச்சத்தில் அந்த அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அவர் கணவர் கண் விழித்தாரா என்று விசாரிக்க, அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.