நிறுத்தும் பொத்தானுக்கு ஒரு பூட்டு

இன்று சூரியநெல்லி பஸ்ஸில் அருளப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் இருக்கிறது.

எழுபதுகளில் நான் குமாஸ்தாவாக இருந்த தேயிலை ஃபாக்டரிக்கு, வெளிநாட்டிலிருந்து இலை அரைக்கும் மெஷின் வந்தது. ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் அமுக்கி நிறுத்த, அதில் ஒரு சிவப்புப் பொத்தான். அந்த ‘யார் வேண்டுமானாலும்’ எங்கள் மானேஜருக்குப் பிடிக்கவில்லை.

“கண்டவனும் நிறுத்தினா நான் எதுக்கு?” என்று பொத்தானுக்கு மேல் பெட்டி அடித்துப் பூட்டினார். சாவி அவர் சட்டைப்பையில்.

அந்த மெஷினில் வேலை பார்த்த அருளப்பனின் கை உள்ளே மாட்டியபோது மானேஜர் பங்களாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாவி கேட்க ஓடிய தொழிலாளி, செருப்பைக் கழற்றிவிட்டு, மானேஜர் கை கழுவி வரும்வரை வாசலில் நின்றார்.

இன்று பஸ்ஸில் அருளப்பனின் மகள் மேரியும் இருந்தாள். நாளை முதல் அவளுக்கு ஃபாக்டரியின் புது மெஷினில் வேலை.

“பொத்தான் இருக்கா தாயி? சாவி யாருகிட்ட?” என்று கேட்டார் அருளப்பன்.

“பூட்டெல்லாம் இல்லப்பா, அந்தக் காலமா இது? சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு அமுக்கணும், அம்புட்டுத்தான்.”

“உள்ள டவர் கெடைக்குமா?”

மேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெஷின் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், இங்கே வந்ததும் நம் வழக்கத்துக்கு அடங்கிவிடுகிறது போலிருக்கிறது. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.

யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்தலாம் என்று ஓர் இடம் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். காலையில் மேரி வேலைக்கு ஏறுவதற்குள் அவளுக்குக் காட்ட வேண்டும்.