அக்கா குழைத்த கரி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருவண்ணாமலையில் இயற்பியல் ஆசிரியை. கூடவே ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். தலைப்பைச் சொன்னால் கேட்டவர்கள் சிரிப்பார்கள்: நெய் விளக்கில் படியும் கரி. அந்தக் கரியின் ஒரு துகள் எவ்வளவு பெரியது, என்ன வடிவம் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். கல்லூரி நுண்ணோக்கியில் வெறும் கறுப்புத் திட்டுதான் தெரிந்தது. மில்லிமீட்டரைப் பல்லாயிரம் கூறு போட்டால் கிடைக்கும் ஒரு கூறைப் பார்க்க எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். மாதக்கணக்கில் கடிதம் எழுதிக் கெஞ்சியதில், மெட்ராஸில் ஓர் ஆய்வுக்கூடம் ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கியது. அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை பஸ். பையைக் கட்டிக் கொடுத்தது அக்கா. இட்லி, மிளகாய்ப்பொடி, சின்ன டப்பாவில் நெய், அதோடு என் கரிக் குப்பி.

மெட்ராஸில் கருவியைக் கவனித்துக்கொண்டவர் குப்பியைத் திறந்து முகர்ந்தார்.

"என்னம்மா இது, நெய் வாசன வருது?"

எட்டிப் பார்த்தேன். என் கரி பளபளவென்று மையாகக் குழைந்திருந்தது. உடனே புரிந்துவிட்டது. கார்த்திகைக்கு மலைமேல் எரியும் தீபத்தின் கரியை மார்கழித் திருவாதிரையில் நெற்றிக்கு மையாகத் தருவது எங்கள் ஊர் வழக்கம். அந்த மாதத்தில் ஒருத்தி வெளியூருக்குக் கரி கொண்டுபோனால், அது அங்கே இருப்பவர்களுக்குப் பிரசாதம் என்றுதான் அக்காவுக்குத் தோன்றும். வறட்டுக் கரியாகக் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்? நெய் விட்டுக் குழைத்துவிட்டாள்.

"எண்ணெப் பசையோட உள்ள வெச்சா மிஷின் பாழாயிடும். நான் விட மாட்டேன்" என்றார் அவர்.

அவர் சொன்னது நியாயம். நுண்ணோக்கியின் காற்றே இல்லாத குழாய்க்குள் நெய் ஆவியானால் கருவி முழுக்க அழுக்காகும். அக்காமேல் வந்த கோபத்தில் எனக்கு அழுகை முட்டியது. பிறகுதான் புத்தி வேலை செய்தது. நெய் விளக்குக் கரிதானே வேண்டும்? சுத்தமான நெய் பையிலேயே இருந்தது.

வராந்தாவுக்கு ஓடினேன். பஞ்சைத் திரித்து, டிபன் டப்பா மூடியில் நெய் ஊற்றி விளக்கேற்றினேன். நுண்ணோக்கிக்குள் துகளை ஏந்தி வைக்கும், பொட்டு அளவே உள்ள செம்பு வலையை இடுக்கியில் பிடித்து, புகையில் ஒரு நொடி காட்டினேன்.

"மாடில இருக்கற பெரிய ஆபீசர் பாத்தா என் வேல போயிடும்மா" என்று புலம்பிக்கொண்டே, சுடர் அணையாமல் கைகளால் மறைத்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

இருபது நிமிடம் மீதி இருந்தது. பச்சைத் திரையில் படம் தெளிந்தது. குட்டிக் குட்டி உருண்டைகள், ஒன்றோடொன்று ஒட்டி, கோத்த மணிகளாக வளைந்து கிடந்தன. சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். நாலு படம் எடுத்தோம்.

கிளம்பும்போது அவர் குப்பியைக் காட்டி, "அத என்ன பண்ணப் போற?" என்றார்.

"இது மலை தீபம் இல்லீங்க. எங்க வீட்டு விளக்கு."

"இருக்கட்டும். திருவண்ணாமலதான?"

நெற்றியை நீட்டினார். பக்கத்து அறைக்காரர்களையும் கூப்பிட்டார். செய்தி மாடிக்கும் போய்விட்டது.

பஸ்ஸில் செஞ்சி வரைக்கும் அக்காவைத் திட்ட வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தேன். வாசலிலேயே அவள் கேட்டாள்: "மை எல்லாருக்கும் வந்துச்சா? கம்மியா இருக்குமோன்னு நெனச்சிட்டே இருந்தேன்."

"பத்தலக்கா" என்றேன்.