பின்விளக்கு எரியுதா?

பெர்சி டீச்சர் கார் வாங்கியதை ஒத்தக்கடையில் யாரும் குறை சொல்லவில்லை. ஓட்டியதைத்தான் சொன்னார்கள். நாற்பது வயதைத் தாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிற அதே கண்டிப்போடு ஓட்டினாள். பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடித்தால் கண்ணாடியை இறக்கி, "என்ன அவசரம்? வரிசையில வா" என்பாள். அவள் வீட்டுக்காரர் இன்பசேகரன் கல்லூரி ஒன்றில் கிளார்க், பயந்த சுபாவம். முதல் நாள் ஜெபமாலையும் கையுமாகப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர்தான், இன்றுவரை முன்னால் வரவில்லை.

அதனால் முன் சீட்டு காலியாகவே போய்வந்தது. பெர்சியும் அவரைக் கூப்பிடவில்லை. அந்த சீட்டு வேறொரு ஆளுக்கு.

அந்த ஆள் பக்கத்து வீட்டு சூசையம்மாள், இன்பசேகரனின் அண்ணன் மனைவி. பெர்சிக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதலாக "அக்கா". ஓரகத்திகள் என்றால் முறைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டுவைத்திருக்கிறார்கள். இவர்கள் இருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர், அதன்மேல் தாண்டிப் போகாத குழம்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒன்றாகத்தான் பஸ் ஏறுவார்கள். அக்காவுக்கு மூட்டுவலி. பஸ் படியில் கால் வைக்க அவள் படும் பாட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் பெர்சிக்குக் கார் ஆசையே வந்தது. யாரிடமும் மூச்சுவிடாமல் பழைய கார் ஒன்றை வாங்கி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்கக்கா" என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

சொல்ல வாய்க்கவில்லை. கார் வந்த அன்றைக்கே அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள்.

அன்று நடந்தது இவ்வளவுதான். வண்டியின் பிரேக் லைட் எரியவில்லை என்று விற்றவரே ஒரு பல்பைக் கொடுத்து அனுப்பியிருந்தார். பெர்சி அதை மாட்டிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். அக்கா முருங்கைக்காயோடு வருவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. தலையை வெளியே நீட்டி, எரிகிறதா என்று கேட்டாள். அக்கா வாயைத் திறக்காமல் திரும்பிப் போய்விட்டாள். வெயிலில் தலைவலி போலிருக்கிறது என்று பெர்சி நினைத்துக்கொண்டாள்.

அந்தத் தலைவலி ஏழெட்டு மாதமாகத் தீரவில்லை. மீன் குழம்பு அனுப்பினால் கிண்ணம் மூடி திறக்காமல் திரும்பி வந்தது. இன்பசேகரன் அண்ணனிடம் போய்க் கேட்டார். "பொம்பளைங்க சமாச்சாரம், நீ தலையக் குடுக்காத" என்று அவர் கழன்றுகொண்டார். சம்பளம் வாங்குகிறோம் என்ற திமிரில் ஏதாவது பேசிவிட்டோமா என்று பெர்சி தன்னையே போட்டுக் குடைந்துகொண்டாள். ஒன்றும் பிடிபடவில்லை. காலியாகக் கிடந்த அந்த சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இப்படி இருக்கையில் திருமங்கலத்தில் நாத்தனார் பேரனுக்கு ஞானஸ்நானம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு குடும்பமும் போயே ஆக வேண்டும். அக்கா நொண்டி நொண்டி இரண்டு பஸ் மாறி வருவாள், இவள் காலி சீட்டோடு காரில் போய் இறங்குவாள். நினைக்கவே கேவலமாக இருந்தது. அக்காவை ஏற்றாமல் அந்த விசேஷத்துக்குப் போவதில்லை என்று பெர்சி முடிவு கட்டினாள். எப்படி ஏற்றுவது என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோது பைக்கில் வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "அக்கா, பின்னாடி பிரேக் லைட்டு எரியல. எவனாச்சும் வந்து இடிச்சிரப் போறான்" என்றார். அங்கேயே ஒரு கடையில் பல்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். டிக்கியைத் திறந்து, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, சிவப்புக் கண்ணாடியை எடுத்தாள். உள்ளே மழைத்தண்ணீர் கோத்து, எறும்பு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. தட்டி விரட்டிவிட்டுப் பழைய பல்பை அமுக்கித் திருப்பிக் கழற்றினாள், புதியதை அமுக்கித் திருப்பி மாட்டினாள்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. எரிகிறதா என்று பார்ப்பதுதான் பெரும்பாடு. பிரேக் முன்னால், விளக்கு பின்னால். வீட்டுக்காரர் ஆபீஸில், மகன் ஸ்டீவ் கோயம்புத்தூரில். அம்மிக் குழவியைத் தூக்கிவந்து பிரேக்கில் சாய்த்தாள். அது உருண்டு அவள் செருப்பின் மேல் விழுந்தது. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தெருவில் காருக்கு நேர் பின்னால் போட்டு, போனை வீடியோவில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து மிதித்தாள். பின் கண்ணாடியில் வெயிலுக்கு ஒட்டிய கறுப்பு வலை; வெளியே ஒன்றும் தெரியாது. நன்றாக மிதித்துவிட்டு இறங்கிவந்து போனைப் பார்த்தாள்.

விளக்கு எரியவில்லை. ஆனால் வீடியோவில் ஒரு சேலைத் தலைப்பு குறுக்கே வந்தது. அப்புறம் ஒரு குரல். அந்தக் குரலை இவ்வளவு பக்கத்தில் கேட்டு எத்தனை மாதம்.

"நடுத்தெருவுல போன வச்சிட்டுப் போயிருக்கா பாரு. எவனாச்சும் தூக்கிட்டுப் போனா அழுதுக்கிட்டு நிப்பா." செருப்புச் சத்தம். ஆள் நகரவில்லை, போனுக்குக் காவல் நிற்கிறாள். "கார்ல ஏறிட்டா கண்ணு மண்ணு தெரியாது இவளுக்கு. அன்னைக்கும் இப்படித்தான், கார்ல உக்காந்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே, 'என்னக்கா, எரியுதா?'ன்னு என்னையப் பாத்துக் கேட்டா. எரியுதாம்ல எனக்கு." கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் செருப்புச் சத்தம் நொண்டி நொண்டி அவசரமாக விலகிவிட்டது.

பெர்சி அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். கேட்ட பிறகுதான் உறைத்தது. லைட் என்ற வார்த்தையை அன்றைக்கு அவள் சொல்லவே இல்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே காம்பவுண்டுச் சுவருக்குப் போனாள். அந்தப் பக்கம் அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் கேட்டது லைட்ட."

பிழிந்துகொண்டிருந்த கை நின்றது. "எந்த லைட்ட?"

"பின்னாடி பிரேக் லைட்ட. பல்பு மாத்திட்டு, எரியுதான்னு கேட்டேன்."

"என்னையப் பாத்து சிரிச்சேல்ல?"

"ஒங்கள முன்னாடி சீட்டுல ஏத்தப் போற சந்தோசத்துல சிரிச்சேன்க்கா. ஒங்க முட்டிவலியப் பாத்துத்தான் இந்தக் காரையே வாங்குனேன்."

சூசையம்மாள் துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்தாள்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

அக்கா எழுந்து சுவரோரம் வந்தாள். "எரிஞ்சதுடி பெர்சி," என்றாள். "மாதா சத்தியமா எரிஞ்சது. எங்க வீட்டு மனுசன் கார் வாங்குறேன் வாங்குறேன்னு வாயாலயே ஓட்டிக்கிட்டிருந்தாரு. நீ சத்தமில்லாம கொண்டாந்து நிறுத்திட்ட. உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டுதான் வந்தேன். நீ அதக் கண்டுபிடிச்சுக் கேட்டுப்புட்டன்னு எனக்கு வெக்கம். பொய்யின்னா சண்டை போட்டிருப்பேன். நெசமா இருக்கவும் பேச்சு வரல."

 பெர்சி சுவருக்கு மேல் கையை நீட்டி அக்காவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் காருக்குப் போய் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். அக்கா நொண்டிக்கொண்டே வந்து பின்னால் நின்றாள்.

"என்னக்கா, எரியுதா?"

"எரியல."

"ஒங்களுக்கா, லைட்டுக்கா?"

"ரெண்டும் எரியலடி."

இருவரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு பாண்டிமீனா எட்டிப் பார்த்தாள். அக்காதான் குனிந்து பார்த்துவிட்டு, "பல்பு உக்கார்ற எடம் பூரா துருப்பிடிச்சுக் கெடக்கு. இரு, உப்புத்தாள் எடுத்துட்டு வாரேன்" என்று போனாள். அவள் தேய்க்க, பெர்சி பல்பை மாட்டிவிட்டுப் போய் மறுபடி மிதித்தாள். "எரியுது, நல்லா எரியுது" என்று அக்கா போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெர்சி முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்கக்கா" என்றாள். அண்ணனும் தம்பியும் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். அண்ணனும் ஒரு ஜெபமாலை கொண்டுவந்திருந்தார். வழியில் ஒரு லாரி ஹாரன் அடித்தபோது பெர்சிக்கு முந்தி அக்காவே கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

திருமங்கலத்தில் கோயில் வாசலில் நாத்தனார் ஓடிவந்தாள். "இந்தக் காலோட பஸ்ஸுலயா வந்தீங்க, அண்ணி?"

பெர்சி டிக்கியிலிருந்து சீர்த்தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா முழங்காலை நீவிவிட்டபடி சொன்னது அவள் காதில் விழுந்தது.

"பஸ்ஸுல எதுக்கு? எங்க கார்ல வந்தோம்."